அளந்து பார்த்து மாற்றுவோம்

(பழைய சொகுசு கார்களில் வரும் மின் கோளாறுகள் குறித்து, கரிவலம்வந்தநல்லூரில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஏதாவது உபயோகமா பேசுங்க அண்ணாச்சி" என்று செயலாளர் சொன்னார். நான் இயற்பியல் படித்துவிட்டு கார் மின்பகுதி பழுது பார்க்கும் தொழிலுக்குப் போனவன். எனக்குத் தெரிந்தது வயரும் பேட்டரியும்தான். வெளியே நிற்கும் வண்டிகளைப் பார்த்ததும் தலைப்பு கிடைத்துவிட்டது. அம்பாசிடர், பியட் காலத்தில் படித்த நம்மில் சிலர் இன்றைக்கு பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஆடி என்று வந்து இறங்கியிருக்கிறோம். சந்தோஷம். ஆனால் அவற்றில் பாதிக்கு மேல் பழைய வண்டிகள், செகண்ட் ஹேண்ட். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புதிதில் ஐம்பது லட்சம் போன கார், பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு புதிய சின்ன கார் விலைக்கு வருகிறது. ஆசை யாரை விட்டது?

வாங்கும்போது வண்டியின் விலை குறைந்திருக்கிறது. உதிரி பாகத்தின் விலை குறையவில்லை. இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒரு கன்ட்ரோல் யூனிட், அதாவது கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது என்று யாராவது சொன்னால், அதன் விலை இன்னமும் அந்த ஐம்பது லட்ச ரூபாய் காரின் பாகத்துக்கு உரிய விலைதான். அதனால் நான் இன்று சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். மின் கோளாறு வந்தால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான கோளாறு அந்த விலை உயர்ந்த பெட்டிக்குள் இருப்பதில்லை. பேட்டரி, எர்த், தண்ணீர், மின்கசிவு, கண்டபடி ஒட்டுப் போட்ட வயர் என்ற ஐந்து இடங்களில்தான் இருக்கிறது.

அதற்கு முன், இந்த வண்டிகள் ஏன் வித்தியாசமானவை என்று சொல்லிவிடுகிறேன். அம்பாசிடரில் ஸ்விட்சைப் போட்டால் மின்சாரம் ஸ்விட்ச் வழியாக விளக்குக்குப் போகும். அவ்வளவுதான். சொகுசு காரில் ஸ்விட்சைத் தொட்டால் அது ஒரு பெட்டிக்குச் செய்தி சொல்கிறது. அந்தப் பெட்டி இன்னொரு பெட்டிக்குச் சொல்கிறது. அதுதான் விளக்கைப் போடுகிறது. இப்படி நாற்பது, ஐம்பது பெட்டிகள் ஒரு காரில் இருக்கும். அவை தங்களுக்குள் பேசிக்கொள்ள, முறுக்கிய இரண்டு வயர்கள். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய இந்த முறைக்கு 'கேன்' என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது, இன்று சாதாரண கார் வரைக்கும் வந்துவிட்டது.

இந்தப் பெட்டிகள் எல்லாம் குறிப்பிட்ட அளவு மின்னழுத்தம் இருந்தால்தான் ஒழுங்காகப் பேசும். அது குறைந்தால் உளறும். ஜுரம் வந்தவன் உளறுவது மாதிரி. நாம் அந்த உளறலைக் கேட்டு வைத்தியம் பார்க்கிறோம், ஜுரத்தைப் பார்ப்பதில்லை.

முதலாவது, பேட்டரி. மல்டிமீட்டர் ஒன்று ஒவ்வொரு வண்டிக்காரர் வீட்டிலும் இருக்க வேண்டும். ஒரு சாப்பாட்டுச் செலவுதான். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரியை அளந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறையக் காலி. செல்ஃப் எடுக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8-இலிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். புதிய மாடல்களில் ஆல்டர்னேட்டரையே கம்ப்யூட்டர் ஆளுவதால் இது கொஞ்சம் ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம்.

நம்ம பக்கத்து வெயிலில் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. ஈய-அமில பேட்டரிக்கு வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. இன்னொன்று, பல சொகுசு கார்களில் ஏ.ஜி.எம். என்ற வகை பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைப் போட்டால் சீக்கிரம் போய்விடும். பி.எம்.டபிள்யூ போன்ற வண்டிகளில் புது பேட்டரி போட்டதும் ஸ்கேனர் வழியாக வண்டிக்கு அதைத் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்காவிட்டால், பழைய கிழட்டு பேட்டரிக்குப் போட்ட சார்ஜையே புதுசுக்கும் போட்டுக் கொண்டிருக்கும்.

மின்னழுத்தம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சான்று. 2005 மார்ச் கடைசியில் மெர்சிடிஸ் நிறுவனம் உலகம் முழுவதும் 13 லட்சம் கார்களைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. அப்போது சரிபார்த்தவற்றில் முக்கியமானவை ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் ரெகுலேட்டரும், இ கிளாஸ் வண்டிகளில் பேட்டரியைக் கவனிக்கும் யூனிட்டின் மென்பொருளும், மின்சாரத்தால் இயங்கும் பிரேக் அமைப்பும்தான். காரைக் கண்டுபிடித்த பரம்பரைக்கே அந்த நிலைமை என்றால் நாம் எம்மாத்திரம்?

இரண்டாவது, எர்த். நம்ம பக்கத்துப் பஞ்சபூதத் தலங்களில் சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் அக்னி என்பார்கள். கார் வயரிங்கிலும் அந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான். எர்த் என்றால் மண். அது சரியில்லை என்றால் அக்னி வெகு தூரத்தில் இல்லை.

பேட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் திரும்பி வர வேண்டும். பாசிட்டிவ் வயரைப் பார்க்கிறவர்கள் பத்துப் பேர் என்றால் திரும்பி வருகிற வழியைப் பார்க்கிறவர் ஒருவர்தான். பல மாடல்களில் பேட்டரி டிக்கியில் இருக்கும். என்ஜினிலிருந்து பாடிக்கு ஒரு பட்டை வயர், பாடியிலிருந்து பேட்டரிக்கு இன்னொரு வயர். இந்த முனைகளில் துருவோ பச்சையோ பூத்துவிட்டால் முடிந்தது கதை.

தம்பிகளே, பிளஸ் டூவில் படித்த ஓம் விதி இங்கேதான் வேலைக்கு வருகிறது. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். எர்த் முனையில் துருவினால் வந்த தடை வெறும் 0.01 ஓம். மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளந்தால் தெரியவே தெரியாது. ஆனால் 150-ஐ 0.01-ஆல் பெருக்குங்கள். ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விட்டது!

என்னிடம் வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். கல்யாண வாடகைக்கு ஓட்டுவதற்காகப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பன்னிரண்டு வருஷத்து ஜெர்மன் காரை வட்டிக்குக் கடன் வாங்கி எடுத்திருந்தார். முகூர்த்த நாளன்று அதிகாலை, பூ அலங்காரம் எல்லாம் செய்தாகிவிட்டது. செல்ஃப் எடுக்கவில்லை. நாலைந்து முறை முயன்று ஒருவழியாக எடுத்தால் ஏ.பி.எஸ்., ஏர்பேக், கியர், ஸ்டீயரிங் என்று டேஷ்போர்டில் திருவிழா மாதிரி விளக்கு. மாப்பிள்ளை கடைசியில் வேறு வண்டியில் போனார். இவர் ஒரு பணிமனைக்குப் போனார். ஸ்கேனர் போட்டுப் பார்த்து, மூன்று பெட்டிகள் மாற்ற வேண்டும், ஒன்றே முக்கால் லட்சம் ஆகும் என்றார்கள். மனுஷன் வண்டியை விற்றுவிடலாமா என்று கண்கலங்கி என்னிடம் வந்தார். தவணை கட்ட வேண்டிய தேதி நெருங்கிவிட்டது.

நான் ஸ்கேனரை எடுக்கவில்லை. மீட்டரின் ஒரு முனையை என்ஜின் பிளாக்கிலும், மறு முனையில் ஒரு நீள வயரைக் கட்டி டிக்கியிலுள்ள பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். "செல்ஃப் அடிங்க" என்றேன். கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள எர்த் பட்டை பாதி அரித்துப் போயிருந்தது. புதுப் பட்டை, சுரண்டிச் சுத்தம் செய்த முனை, துருப் பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் கிரீஸ். செலவு ஆயிரத்துச் சொச்சம். விளக்குகள் எல்லாம் அணைந்தன. வண்டி இன்றும் கல்யாணத்துக்குப் போகிறது.

பந்தியில் ஒருவருக்கு வயிற்றுவலி என்றால் அவருக்கு ஏதோ உடம்பு சரியில்லை. பத்துப் பேருக்கு ஒன்றாக வயிற்றுவலி என்றால் சாம்பாரைப் பார்க்க வேண்டும். ஐந்தாறு எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தாலும் அப்படித்தான். அத்தனை பெட்டிகளும் ஒரே நாளில் கெடுவது அபூர்வம். அவற்றுக்கெல்லாம் பொதுவானது எது என்று தேடுங்கள். ஸ்கேனர் சொல்வது நோயாளியின் புகார், டாக்டரின் தீர்ப்பு இல்லை.

மூன்றாவது, தண்ணீர். சன்ரூஃப் உள்ள வண்டியில் அதன் நாலு மூலையிலும் தண்ணீர் வடிய மெல்லிய குழாய் உண்டு. முன் கண்ணாடிக்கு அடியிலும் வடிகால் உண்டு. நாம் வண்டியை எங்கே நிறுத்துகிறோம்? நிழலுக்காக வேப்ப மரத்தடியில், புளிய மரத்தடியில். மாசி பங்குனியில் உதிர்ந்த இலை வடிகாலில் போய் அடைத்துக்கொள்ளும். ஐப்பசி மழை வரும்போது தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளே இறங்கும். பல மாடல்களில் மின் பெட்டிகள் சீட்டுக்கு அடியிலும், கார்ப்பெட்டுக்கு அடியிலும், டிக்கியின் ஓரத்திலும்தான் இருக்கின்றன. ஜன்னல் தானாக இறங்கும், ஹாரன் தானாக அடிக்கும், கதவு பூட்டாது. வீட்டில் உள்ளவர்கள் காற்று கருப்பு என்பார்கள். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், ஈரம் இருக்கும். வருஷத்துக்கு இரண்டு முறை வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

இதைவிடப் பெரிய தண்ணீர் ஒன்று இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் மறுபடியும். அதே மாதம் 17, 18 தேதிகளில் நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. இப்படி வெள்ளத்தில் நின்ற கார்களை இன்சூரன்ஸ்காரர்கள் 'முழு இழப்பு' என்று கணக்கு முடித்து ஏலத்தில் விடுவார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு விலை உயர்ந்த சொகுசு கார்களும் அப்படி ஏலத்துக்குப் போயின. ஏலத்தில் போன வண்டி எல்லாம் காயலான் கடைக்குப் போவதில்லை. கழுவி, பாலிஷ் போட்டு, சென்ட் அடித்து வேறு ஊருக்கு வரும். ஓடும். ஆனால் கப்ளர்களுக்குள் புகுந்த தண்ணீரும் சேறும் ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்துப் பச்சையாகப் பூத்து ஒவ்வொன்றாகக் கோளாறு தரும். அதற்கு வைத்தியமே கிடையாது என்று கூடச் சொல்லலாம்.

கண்டுபிடிப்பது எப்படி? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா? சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு உண்டா? டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் உண்டா? பியூஸ் பெட்டிக்குள் பச்சை உண்டா? இன்சூரன்ஸ் பழைய விவரத்தையும் கேளுங்கள். "என்ன அண்ணாச்சி, நம்ப மாட்டேங்கிறீங்களே" என்று விற்கிறவர் கோபித்துக்கொண்டால், நல்லது, கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நான்காவது, மின்கசிவு. வெளியூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காரை ஊரில் அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறீர்கள். பொங்கலுக்கு வந்தால் கதவே திறக்கவில்லை என்கிறீர்கள். வண்டியைப் பூட்டியதும் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். எல்லாம் தூங்கிய பிறகு 20-இலிருந்து 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. 80 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 50 மில்லி ஆம்பியர் என்றால் 1600 மணி நேரம், அதாவது 66 நாள். வண்டியில் ஒரு குறையும் இல்லாமலே இரண்டு மாதத்தில் பேட்டரி காலி! ஏதோ ஒரு பெட்டி தூங்காமல் ஒரு ஆம்பியர் இழுத்தால் இரண்டே நாளில் செல்ஃப் எடுக்காது. சாவி இல்லாமல் திறக்கும் வசதியுள்ள வண்டியில், சாவியை வண்டிக்குப் பக்கத்துச் சுவரிலேயே மாட்டி வைத்தால் சில மாடல்கள் அடிக்கடி விழித்துக்கொள்ளும். சாவியைத் தள்ளி வையுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குப் பேட்டரியைப் பராமரிக்கும் சார்ஜர் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

தொழில் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. கசிவைத் தேடும்போது பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்காதீர்கள். பிடுங்கிச் செருகினால் தூங்கிய பெட்டி எழுந்துவிடும். பூட்டிய வண்டியை அரை மணி, முக்கால் மணி விட்டுவிட்டு, பியூஸ் தலையில் தெரியும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட்டில் அளந்து பாருங்கள். எதில் அளவு காட்டுகிறதோ அந்த வழியில் மின்சாரம் ஓடுகிறது.

ஐந்தாவது, நாமே செய்துகொள்கிற வினை. பழைய வண்டியை வாங்கியதும் புது மியூசிக் செட், கேமரா, பவர் அதிகமான ஹெட்லைட். அதற்காக வயரை நடுவில் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றுவது. 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் இழுப்பது 4.6 ஆம்பியர். 100 வாட் பல்பு இழுப்பது 8.3. வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்; அதாவது மூன்று மடங்குக்கு மேல். பியூஸ் போகிறது என்று பெரிய பியூஸோ, அதைவிட மோசமாகச் செம்புக் கம்பியோ போட்டால், இனி வயர்தான் பியூஸ். அது எரிந்தால் வண்டியே எரியும். இங்கேதான் நான் சொன்ன அக்னி வருகிறது. உள்ளே குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைத்துக்கொண்டு பியூஸைத் தொடுங்கள்.

வெப்பத்தினால் வயரே கெடுவதும் உண்டு. 1990களின் முற்பகுதியில் வந்த சில மெர்சிடிஸ் மாடல்களில் என்ஜின் வயரிங்கின் மேலுறை காய்ந்து, அப்பளம் போல நொறுங்கி உதிர்ந்தது உலகறிந்த விஷயம். எலி கடிக்கும் வயர் நம்ம ஊர் விசேஷம். மாதம் ஒருமுறை பானட்டைத் திறந்து கண்ணால் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இனி மாணவர்களுக்குக் கடைசியாக இரண்டு வார்த்தை. பெட்டிகள் பேசும் அந்த இரண்டு கேன் வயர்களைச் சொன்னேன் அல்லவா? அதிவேக கேன் வழியில் இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் என்ன வர வேண்டும்? பக்க இணைப்பில் இரண்டு 120 என்றால் 60. அறுபது வந்தால் வழி நன்றாக இருக்கிறது. 120 வந்தால் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் இரண்டும் ஒட்டியிருக்கிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த அந்த ஒரு கணக்கு ஒரு குடும்பத்தின் லட்ச ரூபாயைக் காப்பாற்றும். வயரிங் வேலை என்று யாரும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். படித்தவன் மீட்டரைக் கையில் எடுத்தால் அதற்கு ஒரு மரியாதை தானே வரும்.

எச்சரிக்கையும் உண்டு. வேலை செய்யுமுன் மோதிரம், வாட்ச் செயினைக் கழற்றுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஷார்ட் ஆனால் மோதிரத்தைப் பழுக்கக் காய்ச்சிவிடும். மஞ்சள் நிறக் கப்ளர் ஏர்பேக்கினுடையது. அதில் டெஸ்ட் லாம்பைக் குத்தாதீர்கள். ஹைபிரிட் வண்டியில் ஆரஞ்சு நிற வயர் உயிரையே எடுக்கும் மின்னழுத்தம். பயிற்சி இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

பழைய சொகுசு கார் வாங்க நினைக்கும் நண்பர்களுக்கு: வாங்குங்கள், ஆசைப்படுங்கள். ஆனால் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். எச்சரிக்கை விளக்குகள் சாவி போட்டதும் எரிந்து பிறகு அணைகின்றனவா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ கைவைத்திருக்கலாம். எல்லா ஜன்னலையும் ஏற்றி இறக்குங்கள். இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல் ஒரு பங்கைப் பழுதுக்கென்று ஒதுக்கி வையுங்கள். கோளாறு வந்தால், "எதை மாத்தணும்?" என்று கேட்காதீர்கள். "என்ன அளந்து பார்த்தீங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறவரிடம் வண்டியை நம்பிக் கொடுக்கலாம்.

வெளியே சாப்பாட்டு வாசனை வர ஆரம்பித்துவிட்டது. இதற்கு மேல் பேசினால் என் பியூஸைப் பிடுங்கிவிடுவீர்கள்.